சொந்த அணியோடு வழக்காடிய அமெரிக்க மரபுப் பழமைவாதிகள்: விவாத இழை

மேழி எழுதியது:

2003 மார்ச் மாதம், ஈராக் மீதான படையெடுப்பு தொடங்கிய அதே நாள்களில், அமெரிக்க வலதுசாரிகளின் தலைமை ஏடாகக் கருதப்பட்ட ‘நேஷனல் ரிவ்யூ’ ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் டேவிட் ஃப்ரம். அதற்கு ஓராண்டுக்கு முன்புவரை புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் உரை எழுதிக்கொண்டிருந்தவர். போரை எதிர்த்த வலதுசாரி எழுத்தாளர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, அவர்கள் நாட்டுப்பற்று அற்றவர்கள் என்றும், நாட்டுக்கு முதுகு காட்டிய அவர்களுக்கு இனி நாமும் முதுகு காட்டுவோம் என்றும் அவர் தீர்ப்பு எழுதினார். அந்த வரிசையில் முன்னால் நின்ற பேட் புக்கானன், நிக்சனுக்கு உரை எழுதியவர். ரீகன் ஆட்சியில் வெள்ளை மாளிகையின் தகவல்தொடர்பு இயக்குநராக இருந்தவர். தீர்ப்பு எழுதியவரோ, அப்போது அமெரிக்கக் குடியுரிமையைக்கூடப் பெற்றிராத கனடியர். யாருடைய நாட்டுப்பற்றை யார் அளப்பது என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க வலதுசாரி என்றால் வரிக்குறைப்பு, பெரும் படை, தடையற்ற வணிகம், தேவாலயம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே மூட்டை என்றுதான் நம்மில் பலரும் எண்ணி வந்திருக்கிறோம். இந்த நான்கும் ஏன் ஒரே மூட்டையில் கிடக்க வேண்டும் என்று அந்த அணிக்குள்ளிருந்தே கேட்டவர்களைப் பற்றித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ‘பேலியோகன்சர்வேடிவ்’ என்ற பெயர் அவர்களுக்கு 1980களில்தான் ஒட்டியது. பால் காட்ஃபிரைட் என்ற வரலாற்று அறிஞர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர்களுடைய வழக்கு அதைவிட மிகப் பழையது. ஓஹையோவின் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949 ஜூலையில் நேட்டோ உடன்படிக்கைக்கு எதிராக வாக்களித்தார். செனட்டில் ஆதரவு 82, எதிர்ப்பு 13. நெப்ராஸ்காவின் பிரதிநிதி ஹோவர்டு பஃபெட், இன்று எல்லோரும் அறிந்த முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் தந்தை, கம்யூனிசத்தைத் தடுக்க அயல்நாடுகளுக்கு உதவுவது என்ற ட்ரூமன் கோட்பாட்டையே 1947இல் எதிர்த்தவர். இவர்கள் இருவரும் இடதுசாரிகள் அல்லர். ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்களை எந்தக் காரணத்துக்காக எதிர்த்தார்களோ, அதே காரணத்துக்காகத்தான் வெளிநாடுகளில் படை நிறுத்துவதையும் எதிர்த்தார்கள்: இரண்டுமே வாஷிங்டனைக் கொழுக்கச் செய்து ஊரையும் மாநிலத்தையும் மெலியச் செய்யும் என்பது அவர்கள் கணக்கு.

1952இல் குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டில் டாஃப்ட் ஐசனோவரிடம் தோற்றார். அடுத்த ஆண்டு காலமானார். 1955இல் வில்லியம் பக்லி ‘நேஷனல் ரிவ்யூ’வைத் தொடங்கியபோது, சந்தையை நம்பியவர்களையும் மரபை நம்பியவர்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த பசை கம்யூனிச எதிர்ப்பு. சோவியத் ஒன்றியம் விழுந்தது, பசை உலர்ந்தது. என் கருத்தில், அதன் பிறகு நடந்த சண்டைகள் அனைத்துக்கும் அடியில் கிடந்தது ஒரே கேள்விதான்: பேணப்பட வேண்டியது ஓர் இடமும் அதன் மக்களும் அவர்களுடைய பழக்கங்களுமா, அல்லது எந்த நாட்டுக்கும் ஏற்றுமதி செய்யத்தக்க சில கோட்பாடுகளா? போர், வணிகம், குடியேற்றம் என்ற மூன்றிலும் அவர்கள் தம் கட்சியிடமிருந்து விலகியது அந்த முதற்கேள்விக்கு அவர்கள் அளித்த விடையால்தான். அவர்கள் தோற்றார்களா, தாமதமாக வென்றார்களா என்பதில் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


ஊர்க்குருவி எழுதியது:

கருத்துக்கு முன் ஒரு சொற்சிக்கல். தமிழில் ஒருவரைப் ‘பழமைவாதி’ என்றால் அது குற்றச்சாட்டு. அமெரிக்காவில் அதே சொல்லைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். இதில் ‘பேலியோ’வையும் சேர்த்துத் ‘தொல்பழமைவாதி’ என்று பெயர்த்தால், தொல்பொருள் துறை மண்வெட்டியோடு வந்துவிடும் போலிருக்கிறது. ‘மரபுப் பழமைவாதி’ என்றே வைத்துக்கொள்ளலாம். எதிரணியை, அதாவது அமெரிக்கக் கோட்பாடுகளை ஏற்றுமதி செய்ய விரும்பிய ஃப்ரம் போன்றவர்களை, ஏற்கெனவே எல்லோரும் ‘நவபழமைவாதி’ என்று எழுதி வருகிறார்கள்.

இனி என் ஐயம். அரசு சிறிதாக இருக்க வேண்டும், அயல்நாட்டுப் போர் கூடாது என்று சுதந்திரச் சந்தைக்காரரான முன்னாள் பிரதிநிதி ரான் பாலும் சொல்கிறார். அப்படியானால் சுதந்திரச் சந்தைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?


பனிக்கரை எழுதியது:

மிச்சிகனில் வசிப்பவன் என்ற உரிமையில் ரஸ்ஸல் கிர்க்கை இங்கே அழைத்து வருகிறேன். ஊர்க்குருவியின் ஐயத்துக்கு அவர் வாழ்க்கையே விடை. அமெரிக்காவில் பழமைவாதம் என்று ஒன்று உண்டு, அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் முதலான ஒரு வழிமரபும் உண்டு என்று 1953இல் நூல் எழுதி நிறுவியவர் அவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, காடு வெட்டி அழிக்கப்பட்ட மெக்கோஸ்டா என்ற சிற்றூரில், முன்னோர் வீட்டில் குடியிருந்து மரம் நட்டார். கார் ஓட்ட மறுத்தார். காரைப் பிரெஞ்சுப் புரட்சியின் ஜேக்கபின்களோடு ஒப்பிட்டு, இயந்திர வடிவில் வந்த புரட்சிக்காரன் என்று பெயரிட்டார். ஊர்களையும் குடும்பங்களையும் எந்தச் சட்டமும் சிதைக்காத அளவுக்கு அது சிதைத்துவிட்டது என்பது அவர் வாதம். சந்தையே எல்லாவற்றையும் தீர்மானிக்கட்டும் என்று ஒரு சுதந்திரச் சந்தைக்காரர் சொல்வாரானால், சந்தை உன் ஊரையே தின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கிர்க் திருப்பிக் கேட்பார். அவர்களைக் கீச்சிடும் உட்பிரிவினர் என்று ஏளனம் செய்து கட்டுரையே எழுதியிருக்கிறார்.

சென்ற இலையுதிர் காலத்தில் மெக்கோஸ்டாவுக்குப் போயிருந்தேன். ஒரே தெருதான் ஊர். பழைய வீடு 1975இல் சாம்பல் புதன் அன்று எரிந்துபோயிற்று. அதன்பின் எழுந்த வீடும், அவர் படித்து எழுதிய நூலகமும் இன்று ஓர் ஆய்வு மையமாக இருக்கின்றன. வாஷிங்டனில் கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் வலதுசாரி நிறுவனங்கள் தம் மூலவராக வணங்கும் மனிதர் இப்படியோர் இடத்தில் இருந்தார் என்பதை நேரில் பார்த்தால்தான், மேழி அவர்கள் சொல்லும் ‘இடமா, கோட்பாடா’ என்ற பிளவு உறைக்கிறது.

அவர் பணிவான முனிவர் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1988இல் வாஷிங்டனின் வலதுசாரி ஆய்வு நிறுவனமான ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனில் ஆற்றிய உரையில், நவபழமைவாதிகளில் சிலர் இஸ்ரேலின் டெல் அவிவை அமெரிக்காவின் தலைநகர் என்று தவறாக எண்ணிக்கொண்டதுபோல் தெரிகிறது என்று சொன்னார். அது யூத வெறுப்பு என்று நவபழமைவாத எழுத்தாளர் மிட்ஜ் டெக்டர் கொதித்தெழுந்தார். என்னைக் கேட்டால், கொள்கையை எதிர்ப்பவர் ஆளின் விசுவாசத்தின்மேல் கை வைக்கத் தேவையில்லை. அந்த வரி இல்லாமலே அவர் வாதம் நின்றிருக்கும். 1991 வளைகுடாப் போரை அவர் எதிர்த்தார். 1992இல் பதவியிலிருந்த குடியரசுத் தலைவரையே எதிர்த்துப் போட்டியிட்ட புக்கானனுக்கு மிச்சிகன் மாநிலப் பிரசாரத் தலைவராக இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது.


கல்தச்சன் எழுதியது:

மரம் நட்டதையும் கார் ஓட்டாததையும் படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஓர் இடம், அதன் மக்கள், அவர்களுடைய பழக்கங்கள்’ என்று மேழி எழுதும்போது, அந்த மக்கள் யார் யார் என்று கேட்காமல் கடந்துபோக முடியாது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் நூறாண்டுகள் பேணப்பட்ட பழக்கத்தின் பெயர் நிறவேற்றுமை. அதை உடைத்தது எந்த ஊரின் மரபும் அன்று; வாஷிங்டனின் சட்டமும் கூட்டாட்சி நீதிமன்றங்களும்தாம். வாஷிங்டன் மெலிந்தே இருந்திருந்தால் அது உடைந்திருக்குமா?

இந்த அணியின் சான்றோர்களில் ஒருவரான மெல் பிராட்ஃபோர்டு, டல்லாஸ் பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பேராசிரியர், லிங்கனையே தவறிழைத்தவர் என்று கருதியவர். 1968இல், நிறவேற்றுமைக்காக நின்ற அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸை ஆதரித்தவர். இவர்களில் மிகக் கூர்மையான மூளைக்காரர் என்று போற்றப்படும் சாம் ஃபிரான்சிஸ், ‘வாஷிங்டன் டைம்ஸ்’ நாளிதழிலிருந்து 1995இல் விலக்கப்பட்டதற்குக் காரணம் போரை எதிர்த்தது அன்று. அமெரிக்க நாகரிகம் அதை உருவாக்கிய இனத்தின் பிறவிக் கூறுகளிலிருந்து பிரிக்க முடியாதது என்ற கருத்தை ஒரு மாநாட்டில் பேசியதுதான். பின்னர் அவர் வெள்ளையர் மேலாண்மையை வெளிப்படையாகக் கொண்டாடிய ஓர் அமைப்பின் ஏட்டுக்கு ஆசிரியரானார். ஆகவே இவர்களைக் கட்சி துரத்தியது என்று சொல்லும்போது, எதற்காகத் துரத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.


மேழி எழுதியது:

கல்தச்சன் அவர்கள் சொல்வதில் ஃபிரான்சிஸைப் பற்றிய பகுதியை ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்கிறேன். அவரைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் ஓர் அச்சம் உண்டு: வேலை இழந்த, இரு கட்சிகளாலும் கைவிடப்பட்ட நடுத்தர அமெரிக்கர்களைப் பற்றி அவரைப்போல் எவரும் முன்கூட்டியே எழுதவில்லை; அதே பக்கத்திலேயே மேற்கூறிய நஞ்சும் இருக்கும். பாலும் நீரும் கலந்தால் பிரிக்க அன்னம் உண்டு. இதைப் பிரிக்க எந்தப் பறவையும் இல்லை.

ஆனால் துரத்தியவர்களின் கணக்கையும் பார்த்துவிடுவோம். தென்மாநிலங்களில் வெள்ளையர் எண்ணிக்கையில் குறைந்த இடங்களிலும் அவர்களே ஆளத் தகுந்தவர்கள் என்று 1957இல் தலையங்கம் எழுதியது பக்லியின் ‘நேஷனல் ரிவ்யூ’வேதான். பிற்காலத்தில் அவர் அதிலிருந்து விலகி வந்தார். அது அவருக்குப் பெருமை. எனினும் மைய நீரோட்டம் தூய்மையாக இருந்தது, ஓரத்தில் நின்றவர்கள் மட்டுமே கறை பட்டவர்கள் என்று வரலாற்றை எழுத முடியாது.

பிராட்ஃபோர்டு விவகாரத்தில் நிறப் பிரச்சினையோடு வேறொன்றும் கலந்திருந்தது. 1981இல் இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலங்களுக்கு நிதி வழங்கும் தேசிய அமைப்பின் தலைமைக்கு ரீகன் தரப்பில் அவர் பெயர் முன்வைக்கப்பட்டது. இர்விங் கிறிஸ்டல் முதலான நவபழமைவாதிகள் அவருடைய லிங்கன் கட்டுரைகளை எடுத்துக் காட்டி எதிர்த்தனர். பதவி வில்லியம் பென்னட்டுக்குப் போயிற்று. பென்னட் அப்போது ஜனநாயகக் கட்சியில் பதிவு பெற்றவர் என்பதுதான் கதையின் காரம். பத்தாண்டுகளாகத் தோல்விகளில் உடன் நின்றவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, நேற்று வந்த விருந்தாளியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்ததுபோல் அவர்களுக்குப் பட்டது. தொண்டு அறக்கட்டளைகளின் பணம், இதழ்களின் ஆசிரியர் நாற்காலி, அமைச்சகங்களின் இடைநிலைப் பதவிகள் எல்லாம் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பக்கமே சாய்ந்தன. கொள்கைச் சண்டை என்று நாம் படிப்பதில் பாதி வேலைவாய்ப்புச் சண்டை. இதைச் சொல்வதால் கொள்கை பொய்யாகிவிடாது. மனிதர்கள் இரண்டுக்காகவும் ஒரே நேரத்தில் சண்டையிடக்கூடியவர்கள்.

லிங்கனைப் பற்றிய அவர் வாதத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ‘எல்லா மனிதரும் சமம்’ என்ற சொற்றொடரை நாட்டின் அடிப்படை இலட்சியமாக ஆக்கிவிட்டால், அது ஒருபோதும் நிறைவேறி முடியாத பணியாகி, அந்தப் பணிக்காக மைய அரசு முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும், பின்னர் கடல் தாண்டியும் போகும் என்றார். கடல் தாண்டியது உண்மை. ஆனால் அந்தச் சொற்றொடர் இல்லாமல் அடிமை ஒருவர் எதைக் காட்டி நியாயம் கேட்டிருப்பார் என்பதற்கு அவரிடம் எனக்கு விடை கிடைக்கவில்லை.


பனிக்கரை எழுதியது:

விருந்தாளி உவமை நன்று. ஆனால் இதைவிடக் காட்டமாக ஒருவர் சொல்லியிருக்கிறார். 1986இல் பழமைவாத அறிஞர்களின் அமைப்பான பிலடெல்பியா சொசைட்டியின் கூட்டத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஸ்டீபன் டான்சர், முன்னாள் மார்க்சியர்கள் (நவபழமைவாதிகளைத்தான் சொல்கிறார்) பழமைவாத இயக்கத்தை வழிநடத்துவதைப் பற்றிப் பேசினார். ஊர்ப் பரத்தை மனம் திருந்தித் தேவாலயத்தில் சேர்ந்தால் மகிழ்ச்சிதான், பாடற்குழுவை நடத்தினாலும் நடத்தட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என்ன பேச வேண்டும் என்று பாதிரியாருக்கே சொல்லத் தொடங்கினால் அது எல்லை மீறல் என்ற பொருளில் அவர் பேசியது, இரு அணிகளும் இன்றுவரை மறக்காத பேச்சு. இத்தகைய பேச்சுக்குப் பிறகு சமரசம் எங்கிருந்து வரும்? பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த காட்ஃபிரைட், ஹங்கேரியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகன் என்பதையும் குறித்துவைக்கிறேன். ‘யூதர் எதிர் கிறித்தவர்’ என்று இந்தச் சண்டையைச் சுருக்குவோருக்கு அது இடறும் கல்.


உலைக்களம் எழுதியது:

இழையைச் சில நாள்களாகப் படித்துவருகிறேன். ஓஹையோவில் வார்ப்பட ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், எல்லோரும் கடந்துபோகும் வணிகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1993 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் அவையில், கனடாவோடும் மெக்சிகோவோடும் செய்த தடையற்ற வணிக உடன்படிக்கையான நாஃப்டா 234க்கு 200 என்ற கணக்கில் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் கிளின்டன் என்பதால் அதை ஜனநாயகக் கட்சியின் குழந்தை என்று இன்று பலர் எண்ணுகிறார்கள். ஆதரித்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சியினர், 102 பேர்தான் ஜனநாயகக் கட்சியினர். ஆலைத் தொழிலாளியின் பக்கம் நின்று அதை எதிர்த்துக் கூச்சலிட்ட வலதுசாரிகளில் முதல் குரல் புக்கானனுடையது. 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில், அதாவது கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில், பதவியிலிருந்த மூத்த புஷ்ஷுக்கு எதிராக ஏறத்தாழ 37 விழுக்காடு வாங்கினார். 1996இல் அதே மாநிலத்தில் பாப் டோலை வென்றேவிட்டார். கட்சித் தலைமை நடுங்கியது. நான்கே ஆண்டுகளில், 2000ஆம் ஆண்டு சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக நின்றபோது நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்தது நான்கரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகள். அதிலும் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் விழுந்தவற்றில் பல, குழப்பமான வாக்குச்சீட்டால் அல் கோருக்கு விழ வேண்டியவை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் இவர்களுடைய உள்முரண் எனக்குத் தெரிகிறது. குடியரசுக் கட்சி பிறவியிலேயே காப்புவரிக் கட்சி, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்கு வரி போடும் கட்சி. மெக்கின்லி வரி 1890இல், ஸ்மூட்-ஹாலி வரி 1930இல். தடையற்ற வணிகம் பருத்தி ஏற்றுமதி செய்த தென்மாநிலங்களின் வேதம். 1828ஆம் ஆண்டின் காப்புவரியை எதிர்த்துத்தான் தென் கரோலினா கூட்டாட்சிச் சட்டத்தையே செல்லாததாக்க முயன்றது. ஆக, நாட்டின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் வழியில் காப்புவரி கேட்ட புக்கானனும், ஹாமில்டனைப் பகைவனாகக் கண்ட தென்னாட்டு வேளாண் மரபினரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, எல்லா வரியையும் கொள்ளை என்ற சுதந்திரச் சந்தைப் பொருளியலாளர் முரே ராத்பார்டும் 1989க்குப் பிறகு அவர்களோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ஜான் ராண்டால்ஃப் கழகம். ராண்டால்ஃபோ வாழ்நாளெல்லாம் காப்புவரியை எதிர்த்த வர்ஜீனியாக்காரர். எதிரி யார் என்பதில் மட்டுமே உடன்பட்டவர்கள் என்று இவர்களைச் சொன்னால் மேழி கோபிப்பாரா?


மேழி எழுதியது:

கோபம் இல்லை, உலைக்களம் அவர்களே. நான் எழுத மறந்த பகுதி இது.


இரவுவாசகி எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். கல்தச்சன் அவர்கள் கேட்ட ‘மக்கள் யார் யார்’ என்ற கேள்வி எனக்கு வரலாறு அன்று, விசாத் தாள். 1946இல் வந்த சட்டம் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்றது. அதற்கு முன் அதுவும் இல்லை. 1965இல் நாட்டுவாரி ஒதுக்கீடு நீக்கப்பட்டதால்தான் நான் இங்கே இருக்கிறேன். இந்த இழையில் எழுதும் பலரும் இருக்கிறீர்கள். மரபுப் பழமைவாதிகள் தம் நாட்டின் வீழ்ச்சி எந்த ஆண்டில் தொடங்கியது என்று எழுதும்போது மறக்காமல் குறிப்பிடும் ஆண்டு அதே 1965.

2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் டிரம்ப் அரசில் செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஆலோசகராக அறிவிக்கப்பட்டவுடன் எழுந்த கூச்சலை நாம் எல்லோரும் பார்த்தோம். எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் எச்-1பி விசாவுக்கு ஆதரவாகப் பேச, டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் தரப்பு அதை அமெரிக்கத் தொழிலாளிக்கு இழைக்கும் துரோகம் என்றது. மறு ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் வந்தது. புக்கானன் 1992இல் மேடையில் பேசியபோது அது ஓரத்துக் குரல், இன்று அரசாணை. ஈராக்கைப் பற்றி அவர்கள் சொன்னது சரி என்று என் மனம் ஒப்புகிறது. ஆனால் அந்தப் போரை அவர்கள் எதிர்த்ததற்கும் என்னை எதிர்ப்பதற்கும் வேர் ஒன்றே என்று மேழி அவர்களே முதல் பதிவில் எழுதிவிட்டார். அந்த வேரில் பாதியை மட்டும் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?


பனிக்கரை எழுதியது:

தோழிக்கு விடை சொல்ல என்னால் இயலாது. ஒரு செய்தியை மட்டும் வைக்கிறேன். கிர்க் தம்பதியினர் மெக்கோஸ்டா வீட்டில் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த அகதிகளையும் எத்தியோப்பிய அகதிகளையும் தங்க வைத்துச் சோறிட்டனர். சிறை சென்று திரும்பிய ஊர்சுற்றி ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கே வீட்டாளாக வாழ்ந்தார். ‘அயலார்’ என்ற அருவச் சொல்லுக்கு அஞ்சிய ஒரு மரபின் தலைமகன், வாசலுக்கு வந்த அயலாரைத் திருப்பி அனுப்பவில்லை.


இரவுவாசகி எழுதியது:

நன்றி, பனிக்கரை அவர்களே. அந்த வீட்டின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. ஆனால் விருந்தோம்பல் வீட்டுக்காரரின் குணம். குடியுரிமை என் உரிமை. முதலாவது இருந்தால் இரண்டாவது வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் என் மகள் வளர வேண்டாம்.


ஊர்க்குருவி எழுதியது:

போரைப் பற்றிய எண்ணிக்கைகள் இந்த இழையில் இதுவரை வரவில்லை. 2002 அக்டோபரில் ஈராக் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 296க்கு 133 என்று நிறைவேறியபோது, எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். அவர்களில் மரபு வலதுசாரிகள் என்று சொல்லத்தக்கவர்கள் டெக்சாஸின் ரான் பால், டென்னசியின் ஜான் டங்கன், இந்தியானாவின் ஜான் ஹோஸ்டெட்லர் ஆகிய மூவர். மற்ற மூவரும் கட்சியின் மிதவாதிகள். ஹோஸ்டெட்லர் 2006இல், போரின்மேல் வாக்காளர்கள் கொண்ட சினத்தால் குடியரசுக் கட்சி அடித்துச் செல்லப்பட்ட அதே தேர்தலில் தோற்றார். போரை எதிர்த்தவரும் போருக்கான தண்டனையைப் பெற்றார். தேர்தலுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது, சின்னத்தைத்தான் தெரியும்.

வடக்கு கரோலினாவின் வால்டர் ஜோன்ஸையும் மறக்கக் கூடாது. போருக்கு வாக்களித்தவர், பிரான்ஸ் ஒத்துழைக்கவில்லை என்று நாடாளுமன்ற உணவகத்தில் ‘பிரெஞ்சு ஃபிரைஸ்’ என்ற பெயரையே மாற்ற வைத்தவர்களில் ஒருவர். பின்னர், ஒரு மரைன் படைவீரரின் இறுதிச் சடங்குக்குப் போய் வந்ததிலிருந்து மனம் மாறினார். இறந்த படைவீரர்களின் குடும்பங்களுக்கு அவர் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்கள் பதினோராயிரத்துக்கு மேல். அலுவலக வாசலில் இறந்தவர்களின் படங்களை மாட்டிவைத்தார். கட்சித் தலைமை அவரைக் குழுப் பதவிகளில் ஓரங்கட்டியது. தொகுதி மக்கள் 2019இல் அவர் இறக்கும்வரை மாற்றவில்லை.


கல்தச்சன் எழுதியது:

மேழியின் முதற்கேள்விக்கு வருகிறேன். 2016 பிப்ரவரியில் தென் கரோலினா விவாத மேடையில், புஷ் குடும்பத்தின் செல்வாக்குக் கோட்டையில் நின்றுகொண்டு, ஈராக் போர் பெருந்தவறு என்று டிரம்ப் சொன்னார். அந்த மாநிலத்தையே வென்றார். வணிகம், குடியேற்றம், போர் என்ற மூன்றிலும் அவர் பேசியது புக்கானனின் பழைய உரை. அவரை எதிர்த்து ஓர் இதழையே வெளியிட்ட ‘நேஷனல் ரிவ்யூ’, 2003இல் பிறரைத் துரத்திய வாயிலில் தானே நின்றுகொண்டிருந்தது. இதை வெற்றி என்று சொல்லக் கூடாதா?


மேழி எழுதியது:

சொல்லலாம், நானும் சில காலம் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் டாஃப்ட் பேசிய அந்த நான்காவது பொருள், அதாவது அதிகாரம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்பது, 2016இல் மேடை ஏறவே இல்லை. காப்புவரியை நாடாளுமன்றம் விதிக்க வேண்டும் என்றுதான் மெக்கின்லி காலத்தவர் சட்டம் இயற்றினார்கள். இன்று அது ஒருவரின் அறிவிப்பால் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது. கிர்க் தம் முதல் பாடமாகச் சொன்ன முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் இதில் இடம் எங்கே? அவர்களுடைய குறைகளின் பட்டியலைக் கட்சி எடுத்துக்கொண்டது, பழக்கங்களை எடுத்துக்கொள்ளவில்லை. போரிலும்கூட, 2025 ஜூனில் ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய இடங்களில் ஈரானின் அணு நிலையங்கள்மீது குண்டு வீசப்பட்டபோது நாடாளுமன்றத்தை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே ஊடகர் டக்கர் கார்ல்சன் எச்சரித்தார், பேனன் முணுமுணுத்தார், கென்டக்கியின் பிரதிநிதி தாமஸ் மாஸி போர் அதிகாரத் தீர்மானம் கொண்டுவந்தார். முனகல் இருந்தது, விமானங்கள் புறப்பட்டன.


ஊர்க்குருவி எழுதியது:

இன்னும் ஒரே ஓர் எண்ணிக்கை. 2002இல் ஈராக் தீர்மானத்தைச் செனட்டில் எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஒருவர்: ரோட் ஐலண்டின் லிங்கன் சாஃபீ. 2025 ஜூன் 27 அன்று, ஈரான்மீது மேலும் தாக்குவதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற தீர்மானம் செனட்டில் 47க்கு 53 என்று தோற்றபோது, அதை ஆதரித்த குடியரசுக் கட்சியினரும் ஒருவர்: ரான் பாலின் மகன் ரேண்ட் பால்.


பனிக்கரை எழுதியது:

சாஃபீயைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் கட்சியின் தாராளவாத ஓரத்தில் இருந்தவர், பின்னர் ஜனநாயகக் கட்சிக்கே போய்விட்டார். ரேண்ட் பாலைச் சேர்த்தால், ஒரு சுதந்திரச் சந்தைக்காரரைத் தம் ஆளாக எண்ணிவிட்டார்கள் என்று கிர்க் கல்லறையிலிருந்து எழுந்து வருவார். அதுவும் நடந்தே வருவார்.